மறந்துபோன திறவுகோல்



புனே நகரில் நெடுங்காலம் வாழ்ந்த முதியோரிடம் 1961ஆம் ஆண்டைக் குறிப்பிட்டால், அவர்கள் வெள்ளத்தைப் பற்றியே பேசுவார்கள். அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் பான்ஷெத் அணை உடைந்தது. அதன் நீர் கடக்வாஸ்லா அணையையும் தகர்த்துக்கொண்டு முட்டா நதியில் பாய்ந்து, கரையோரப் பேட்டைகளை மூழ்கடித்தது. வீட்டையும் பண்டத்தையும் இழந்தோர் பலர். மரப்பெட்டியில் பத்திரமாக வைத்த பத்திரத்தையும் படத்தையும் வெள்ளம் விட்டுவைப்பதில்லை.

இன்று நாம் அவற்றை மரப்பெட்டியில் மட்டும் வைப்பதில்லை. திருமணப் படங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், ஊரிலுள்ள நிலத்தின் பட்டா ஆகியவற்றின் படிகளை மேகச் சேமிப்பகம் என்னும் இடத்தில் இட்டு வைக்கிறோம். பெயர் மேகமாயினும் அது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் இரவும் பகலும் இயங்கும் கணினிகளில்தான் இருக்கிறது. நம் வீட்டில் வெள்ளம் புகுந்தாலும், கைப்பேசி உடைந்தாலும் அங்குள்ள படி அழியாது. ஆனால் அதற்கு ஒரு கதவு உண்டு. அக்கதவுக்குக் கடவுச்சொல் என்னும் திறவுகோல் உண்டு. அது மறந்துபோனால் என் செய்வது? இன்று அதைப் பற்றித்தான் பேச எண்ணினோம்.

இது நமக்கே நேர்ந்த இடர். மதுரையிலிருந்து புனேக்குக் குடிவந்தபின், இங்கே புதிய கைப்பேசி எண் வாங்கினோம். இரண்டு எண்களுக்கும் பணம் கட்டுவானேன் என்று பழைய எண்ணைக் கைவிட்டோம். ஓராண்டு சென்றபின் ஒருநாள் கைப்பேசி மாடிப்படியில் விழுந்து நொறுங்கிற்று. புதிய கருவி வாங்கிக் கணக்கைத் திறக்க முயன்றால் கடவுச்சொல் நினைவுக்கு வரவில்லை. 'மறந்துவிட்டேன்' என்று அழுத்தினோம். ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறை எண்ணை அனுப்பியிருப்பதாகத் திரை சொல்லிற்று. அனுப்பியது நாம் கைவிட்ட மதுரை எண்ணுக்கு!

அக்கணக்கில் இருந்தவை வெறும் படங்கள் அல்ல. காலஞ்சென்ற நம் அன்னையார், வத்தக்குழம்பும் பருப்புப்பொடியும் செய்யும் பக்குவத்தைத் தம் குரலிலேயே சொல்லிய பதிவுகள் அங்கே இருந்தன. வேறெங்கும் அவற்றுக்குப் படி இல்லை.

பழைய எண்ணுக்கு நாமே பேசினோம். அது வேறொருவர் கைக்குப் போயிருந்தது. ஓர் இளைஞர் எடுத்தார். நிலைமையை விளக்கி, வந்திருக்கும் எண்ணைச் சொல்லும்படி வேண்டினோம். "மன்னிக்க வேண்டும் ஐயா, அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்கிறார்களே" என்று அவர் மறுத்துவிட்டார். அன்று சினம் வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தபோது அவர் செய்ததே சரியென்று தெளிந்தோம். நம்மைப்போல் பேசும் கள்வன் ஒருவனுக்கு அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகும்?

கைவிட்ட எண் பிறருக்குப் போவது முறைகேடன்று. நின்றுபோன எண்ணைக் குறைந்தது 90 நாட்கள் வரை வேறொருவருக்கு வழங்குவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அப்படியானால் 90 நாட்களுக்குப் பின் அது யாருக்கும் போகலாம் என்பதே பொருள். வெளிமாநிலத்துக்கு வந்து எண்ணை மாற்றிக்கொள்ளும் நம்மவர் அனைவரும் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

"சேமிப்பகத்தை நடத்துகிறவர்களுக்கு நம் கடவுச்சொல் தெரியாதா? அவர்களே சொல்லிவிடலாமே" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கும் தெரியாது என்பதே உண்மை. பான்ஷெத் உடைந்த அதே 1961இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை முதன்முதலில் இயக்கிக் காட்டினர். ஒருவர் கோப்பை மற்றவர் திறவாதிருக்க அதில் கடவுச்சொல் வைத்தனர். அச்சொற்கள் எழுதியபடியே ஒரு கோப்பில் கிடந்தன. பின்னர் நேர்ந்த ஒரு பிழையால், உள்ளே நுழைந்த எல்லோருக்கும் எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகித் தெரிந்துவிட்டன! இத்தகைய அனுபவங்களால் முறை மாறிற்று. கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கு ஒன்றில் இட்டு, அதன் விளைவை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்சன் இருவரும் 1979இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க இயலுமா? ஆதலால் நிறுவனம் பழைய சொல்லைத் திருப்பித் தருவதில்லை. 'இவர் உண்மையில் உரியவரே' என்று தெளிந்தபின், புதிய சொல்லை வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அத்தெளிவை உண்டாக்குவதே நம் வேலை.

அதற்கு வழி என்ன? முதலில், பதற்றத்தில் மனம்போனபடி சொற்களை அடித்துக்கொண்டே இருத்தல் ஆகாது. பிழையான முயற்சிகள் மிகுந்தால் கதவு சில காலம் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது, வேறு எந்தக் கருவியிலேனும் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளின் கணினியில் திறந்திருக்கலாம். உலாவியில் கடவுச்சொல் சேமிக்கப்பட்டும் இருக்கலாம். திறந்திருந்தால் முதற்கண் அரிய பொருள்களைப் படியெடுத்துக்கொள்க. மூன்றாவது, பழகிய கருவியிலிருந்து, பழகிய இடத்திலிருந்து முயல வேண்டும். கூகிள் நிறுவனம் தன் கணக்குகளை மீட்போருக்கு இவ்வாறே அறிவுறுத்துகிறது. நினைவிலுள்ள பழைய கடவுச்சொல் ஒன்றைத் தந்தாலும் அதுவும் ஒரு சான்றாகும்.

நமக்குக் கைகொடுத்தது இந்த மூன்றாவது வழியே. புனேயிலிருந்து புதிய கருவியில் செய்த முயற்சியெல்லாம் வீணாயிற்று. பொங்கலுக்கு ஊர் சென்றபோது, பரணில் கிடந்த பழைய கணினியைத் தூசி தட்டி எடுத்தோம். முன்பு நாள்தோறும் பயன்படுத்திய அதே வீட்டில், அதே கணினியில், நினைவிலிருந்த பழைய சொல்லைத் தந்தோம். மாற்று முகவரியாக என்றோ கொடுத்திருந்த தமையனாரின் மின்னஞ்சலுக்கு இணைப்பு வந்தது. அன்று மாலை அன்னையாரின் குரல் அந்த வீட்டில் மறுபடியும் ஒலித்தது. குடும்பத்தார் யாரும் சற்றுநேரம் பேசவில்லை.

ஊருக்குப் போக இயலாதோர் செய்யத்தகாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 'வாடிக்கையாளர் உதவி' என்று இணையத்தில் தென்படும் எண்களுக்கெல்லாம் பேசிவிடாதீர்கள். அவற்றுள் மோசக்காரர் இட்டவை உண்டு. பணம் கொடுத்தால் கணக்கைத் திறந்து தருவோம் என்பாரை நம்பாதீர்கள். ஏமாந்து பணம் இழந்தால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். மராட்டியத்தில் இருந்தாலும் தமிழகத்தில் இருந்தாலும் எண் ஒன்றே.

வருமுன் காப்பதே அறிவு. பழைய கைப்பேசி எண்ணைக் கைவிடுமுன், வங்கி, மின்னஞ்சல், ஆதார் ஆகிய எல்லாவற்றிலும் புதிய எண்ணைப் பதிவு செய்யுங்கள். ஆதாருக்காக ஊர்ப்பயணம் வேண்டியதில்லை; புனேயிலுள்ள ஆதார் மையத்திலேயே கைரேகை வைத்து மாற்றிக்கொள்ளலாம். 2015 முதல் அரசு நடத்திவரும் டிஜிலாக்கருக்கும் ஆதாரில் பதிந்த எண்ணே துணை. கூகிள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை வைத்திருப்போர், எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து மாற்று எண்களைப் பெற்று அச்சிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒருமுறை பயன்படும். அத்தாளை நகைப்பெட்டியில் வையுங்கள். கடவுச்சொல்லையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பூட்டி வைப்பது, மறதியுள்ள நம்போன்றோர்க்கு இழிவன்று. ஈராண்டு தொடாத தனியார் கணக்குகளை நீக்கிவிடலாம் என்பது 2023இல் கூகிள் அறிவித்த விதி. ஆகவே அவ்வப்போது கணக்கைத் திறந்து பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரனைய பொருளுக்கு ஒரே இடம் போதாது. அன்னையாரின் குரற்பதிவுகள் இப்போது மேகத்திலும் உண்டு; தமையனார் வீட்டிலும் உண்டு; ராஸ்தா பேட்டையில் நம் வீட்டு அலமாரியிலுள்ள சிறு கருவியிலும் உண்டு. ஊரை விட்டு வந்த நாம், ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றுள் இழக்கக் கூடாதவை சிலவே. இன்றிரவு உணவுக்குப் பின், உங்கள் கணக்கில் எந்தக் கைப்பேசி எண் பதிந்திருக்கிறதென்று ஒருமுறை பாருங்கள். அந்த எண் இன்னும் உங்களுடையதுதானா?