விழுந்தது எங்கே என்று எழுதச் சொல்லுங்கள்

(மட்டாஞ்சேரியில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுமை தூக்குகிறவனுக்கு முதுகெலும்புதான் முதல் என்று நாம் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அந்த முதல் முறிந்துபோன வீட்டில் மறுவாரம் அடுப்பு எப்படி எரியும்? அதுதான் இன்றைய பேச்சு.

இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம். இதே மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் சாப்பா முறை இருந்தது. கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் மூப்பன், உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்று வேலை. காய்ச்சல்காரனுக்கும், காலில் அடிபட்டவனுக்கும், வயதானவனுக்கும் என்ன கிடைத்தது? மண்தான் கிடைத்தது. அந்தக் கொடுமையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று இங்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி, அந்தோணி ஆகிய மூன்று தொழிலாளரை அந்தப் போராட்டம் பலி கொண்டது.

அதற்குப் பிறகு, 1959இல், கொச்சித் துறைமுகத் தொழிலாளருக்கு வேலை ஒழுங்குமுறைத் திட்டம் வந்தது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் ஏறியது. வேலைக்கு வந்து வேலை கிடைக்காத நாளுக்கும் படி உண்டு என்றானது. பெயர் ஏறிய பிறகுதான் விடுப்பு என்ற சொல்லுக்கே பொருள் வந்தது. பெயரில்லாதவன் யாரிடம் விடுப்புக் கேட்பான்?

கரையில் சுமக்கிறவர்களுக்குக் கேரளத்தில் 1978ஆம் ஆண்டுச் சட்டமும், 1983இல் நலத்திட்டமும் வந்தன. ஓர் ஆள் தலையில் ஏற்றும் பாரத்துக்கு அந்தச் சட்டம் வைத்த உச்சம் 75 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்போ 1967லேயே 55 கிலோவுக்கு மேல் கூடாது என்று பரிந்துரை செய்துவிட்டது. 55க்கு இறக்கும் திருத்தம் கேரளச் சட்டமன்றத்துக்கு வந்தது 2021இல்! இடையில் 54 ஆண்டுகள். எத்தனை முதுகுகள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

பதிவு அட்டை பெற்ற சுமைத் தொழிலாளிக்கு நலவாரியம் இருக்கிறது. நம்மில் பலர் அந்த அட்டை இல்லாதவர்கள். திண்டுக்கல்லிலிருந்தும் தேனியிலிருந்தும் வந்து, மேஸ்திரி சொன்ன இடத்தில் இறக்கி, அவர் கையால் கூலி வாங்குகிறவர்கள். நமக்கு அடிபட்டால் முதலில் நடப்பது என்ன?

மேஸ்திரி ஆட்டோவில் ஏற்றுவார். நல்ல மனிதர்தான்; தண்ணீர்கூட வாங்கித் தருவார். வழியில் காதில் ஓதுவார்: “வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லப்பா, செலவை முதலாளி பார்த்துக்கொள்வார்.” கருவேலிப்படி தாலுகா மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவர் மலையாளத்தில் கேட்பார். வலியில் துடிக்கிறவன் சொல்லிக்கொடுத்ததையே சொல்வான். சீட்டில் அது ஏறிவிடும். அந்த ஒரு வரியின் விலை என்ன தெரியுமா?

ஈ.எஸ்.ஐ. உள்ளவரை எடுத்துக்கொள்வோம். 2017இல் மாதக் கூலி 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள் என்று வரம்பு உயர்த்தப்பட்டது. சாதாரண நோய் என்றால் கூலியில் 70 விழுக்காடு, அதுவும் ஆண்டுக்கு 91 நாட்கள்தான். ஆறு மாதத் தவணையில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கவும் வேண்டும். வேலையில் பட்ட காயம் என்றால் 90 விழுக்காடு. உடம்பு தேறும் வரை உண்டு. நேற்றுச் சேர்ந்தவனுக்கும் உண்டு. ஊனம் நிலைத்துவிட்டால் மாதாமாதம் ஆயுள் முழுக்கப் பணம் வரும். “வீட்டில் விழுந்தேன்” என்ற சொல் இவ்வளவையும் அடித்துப் போடுகிறது.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு இது: உழைக்கும் திறன் முழுதும் போனால், மாதக் கூலியில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு அந்த எண் 184.17. கூலி 15,000 ரூபாய் என்றால் 16,57,530 ரூபாய் வருகிறது. ஒரு கையின் கட்டைவிரல் போனால் இதில் 30 விழுக்காடு, அதாவது 4,97,259 ரூபாய். கையில் ஐயாயிரத்தைத் திணித்து ஊருக்கு ரயில் ஏற்றிவிடுகிறார்களே, அப்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். (அந்தச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. தொழிற்சங்கங்கள் அந்தத் தொகுப்புகளை எதிர்ப்பதற்குக் காரணங்கள் உண்டு. அதற்கே தனிக் கூட்டம் வேண்டும்.)

பணம் ஒருபுறம் இருக்கட்டும். மூன்று மாதம் படுத்தெழுந்தவனிடம் டாக்டர், “இனி பாரம் தூக்காதே, இலேசான வேலை செய்” என்கிறார். பண்டகசாலைக்குப் போனால், “இங்கே இலேசான வேலை ஏது?” என்கிறார்கள். ஏன் இல்லை? மிளகு புடைக்க ஆள் வேண்டும், சுக்குத் தரம் பிரிக்க வேண்டும், சாக்கு வாய் தைக்க வேண்டும், எடை போட்டு எண்ணிக்கை எழுத வேண்டும். ஆனால் புடைப்பதும் பிரிப்பதும் பெண்கள் வேலை என்று நம் ஆண்களே கூச்சப்படுகிறார்கள். பெண்களுக்குக் குறைந்த கூலி என்பதால் முதலாளியும் பழைய கூலியைத் தர மாட்டார். அந்தக் கூலியை உயர்த்தக் கேட்பது நம் தாய்மார்களுக்காக மட்டுமல்ல. நாளைக்கு முதுகு போகப்போகிற ஒவ்வோர் ஆணுக்காகவும்தான்.

அரசு வேலையில் இருப்பவர் பணிக்காலத்தில் ஊனமடைந்தால், அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். பஸ் ஓட்டுநருக்குப் பொருந்தும் நியாயம் மூட்டை சுமக்கிறவனுக்கு ஏன் பொருந்தக் கூடாது? தனியார் பண்டகசாலை வாசலில் அது நின்றுவிடுகிறது. அதை உள்ளே கொண்டுவருவது நம் கோரிக்கைப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, இன்ன தேதி, இன்ன இடம், இன்ன மேஸ்திரி, இவ்வளவு கூலி என்று இரவுதோறும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை எழுதட்டும். மருத்துவச் சீட்டுகளைக் கிழிக்காதீர்கள். அடிபட்ட செய்தி வந்தால், மேஸ்திரியின் ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஓடுங்கள். எந்த இடத்தில், என்ன தூக்கும்போது என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். மொழி தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்த தோழர்கள் இருவர் துணைக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரவு எந்நேரமானாலும் சங்கக் கதவைத் தட்டுங்கள்.