நாடாளுமன்றம் தன்னை ஒப்படைத்த நாள்



முதல் உலகப்போர் முடிந்த 1918க்கும் இரண்டாம் போர் மூண்ட 1939க்கும் இடையில் ஐரோப்பாவில் மக்களாட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. இத்தாலியில் முசோலினி 1922இல் பிரதமரானார். போலந்து, போர்ச்சுகல், ஆஸ்திரியா, ஸ்பெயின் என்று அந்த வரிசை நீண்டது. இவற்றில் ஜெர்மனியைப் பற்றி மட்டும், அதிலும் ஒரே ஒரு நாளைப் பற்றி, இன்று பேச விரும்புகிறேன். அந்த நாள் 1933ஆம் ஆண்டு மார்ச் 23.

சர்வாதிகாரம் என்றதும் பீரங்கிகளும் ராணுவ அணிவகுப்பும்தான் நம் நினைவுக்கு வரும். ஜெர்மனியில் அது வாக்குச்சீட்டோடு வந்தது. அதற்கான பாதை மூன்று ஆண்டுகளாகவே போடப்பட்டுக்கொண்டிருந்தது. 1930 மார்ச்சில் கடைசிப் பெரும்பான்மை அரசு கவிழ்ந்தது. அதன்பின் வந்த பிரதமர்கள் நாடாளுமன்றத்தை நம்பி ஆளவில்லை. அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவைப் பயன்படுத்தி, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்கின் கையெழுத்தோடு அவசர ஆணைகளைப் பிறப்பித்தே ஆண்டார்கள். 1932ஆம் ஆண்டு முழுவதிலும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் வெறும் 5. அவசர ஆணைகளோ அறுபது அளவில் இருந்தன. வேலையில்லாதவர்கள் 60 லட்சம் பேர் தெருவில் நின்ற காலம் அது. நாடாளுமன்றம் கூடினால் என்ன, கூடாவிட்டால் என்ன என்று மக்கள் நினைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஹிட்லர் செய்ததில் பாதி இந்தச் சலிப்பு செய்த வேலை என்பேன்.

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைப் பிரதமராக்கியவர் ஹிண்டன்பர்க். அவரை அதற்கு இசைய வைத்தவர் முன்னாள் பிரதமர் பாப்பன். முதல் அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் 3 பேர்தான். மற்றவர்கள் பழமைவாதிகள். இவரை நம் பிடிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நம்பினார்கள்.

பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே வந்த ஆணை பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது. ஆயிரக்கணக்கான கம்யூனிஸ்டுகள் கைதானார்கள். இந்தச் சூழலில் மார்ச் 5 அன்று தேர்தல். அடியும் மிரட்டலும் மலிந்த அந்தத் தேர்தலிலும் நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம்தான். ஜெர்மானியர்கள் எல்லோரும் ஹிட்லருக்கு ஓட்டுப்போட்டார்கள் என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஹிட்லர் கேட்டது, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலே சட்டம் இயற்றும் அதிகாரம். அந்தச் சட்டங்கள் அரசியல் சட்டத்தை மீறினாலும் செல்லும் என்றது மசோதா. நான்கு ஆண்டுகளுக்கு மட்டும்தான் என்று காலவரம்பும் போட்டிருந்தார்கள். நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை.

பழைய கட்டடம் எரிந்துபோனதால் பெர்லினில் க்ரோல் ஓப்பரா அரங்கில் கூடினார்கள். சீருடை அணிந்த நாஜிப் படையினர் வெளியே முழக்கமிட்டார்கள், உள்ளேயும் வரிசையாக நின்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த 81 கம்யூனிஸ்டுகளில் ஒருவர்கூட அங்கே இல்லை. சிலர் சிறையில், சிலர் தலைமறைவில். முந்தைய நாள்தான் டாஹாவ் வதைமுகாமுக்கு முதல் கைதிகள் கொண்டுவரப்பட்டிருந்தார்கள்.

அன்று எழுந்து மறுத்துப் பேசிய ஒரே கட்சித் தலைவர் சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ். எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்ற பொருளில், ஹிட்லரின் முகத்துக்கு நேரே அவர் பேசினார். அந்த அரங்கில் அப்படிப் பேச எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்று சற்று எண்ணிப் பாருங்கள்.

முடிவு கத்தோலிக்கர்களின் கட்சியான மையக் கட்சியின் கையில் இருந்தது. அதன் தலைவர் காஸ் ஒரு பாதிரியார். திருச்சபையின் உரிமைகளைக் காப்பதாக ஹிட்லர் சொன்னதை அவர் நம்பினார். எழுத்தில் தருவதாகச் சொல்லப்பட்ட கடிதம் வந்துசேரவே இல்லை. கட்சிக்குள் எதிர்ப்பு இருந்தது. முன்னாள் பிரதமர் ப்ரூனிங்கே தயங்கினார். கடைசியில் கட்சிக் கட்டுப்பாடு என்ற பெயரில் அனைவரும் ஆதரித்தே வாக்களித்தார்கள். பயம் அவர்களை வளைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பயம் வெல்ஸின் கட்சிக்காரர்களைச் சுற்றியும் நின்றது.

ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 பேரும் வெல்ஸின் கட்சிக்காரர்கள். அதே கட்சியின் மேலும் 26 உறுப்பினர்களால் அன்று வரவே முடியவில்லை. சிறைப்பட்டவர்கள், தப்பி ஓடியவர்கள், நோயுற்றவர்கள்.

ஜூன் 22 அன்று சமூக ஜனநாயகக் கட்சி தடைசெய்யப்பட்டது. மறுத்தவர்களின் கதி அது. ஆதரித்தவர்களின் கதியும் வேறாக இல்லை. ஹிட்லரோடு அமைச்சரவையில் அமர்ந்திருந்த தேசியவாதக் கட்சி ஜூன் முடிவதற்குள் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஜூலை 5 அன்று மையக் கட்சியும் கலைந்தது. ஜூலை 14 அன்று வந்த சட்டம், நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சி நாட்டில் இருக்கக் கூடாது என்றது. அதை இயற்ற நாடாளுமன்றம் தேவைப்படவில்லை.

நான்கு ஆண்டுக்கு என்று கொடுத்த அதிகாரம் மூன்று முறை நீட்டிக்கப்பட்டது. 1945இல் ஜெர்மனியைத் தோற்கடித்த நேச நாடுகள்தாம் அந்தச் சட்டத்தை நீக்கின. ஓட்டோ வெல்ஸ் அதைக் காணவில்லை. குடியுரிமை பறிக்கப்பட்டு நாடு கடந்து வாழ்ந்த அவர், போர் தொடங்கிய அதே 1939 செப்டம்பரில் பாரிஸில் இறந்துபோனார்.