பிள்ளை பார்ப்பவர் ஓட்டும் காரும் காப்புறுதியும்



தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் விடிவதற்கு முன்பே கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். அந்த ஆயாவுக்குத் தொட்டிலாட்டவும் கஞ்சி ஊட்டவும் தெரிந்தால் போதும். இன்றோ வீடமைப்புப் பகுதிகளில் கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறார்கள். பிள்ளை பார்க்க வரும் அம்மாளுக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்கும் காலமாகிவிட்டது. பள்ளி விடும் வேளையில் வாசலில் நிற்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் இதை நாள்தோறும் காண்கிறோம். கார் அப்பாவுடையது; ஓட்டி வருபவர் பிள்ளை பார்ப்பவர்.

இது பற்றி மக்களிடையே இரண்டு எண்ணங்கள் உண்டு. காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் ஒரு காசும் கிடைக்காது என்பது ஒன்று. சாலை வரி கட்டியாயிற்று, யார் ஓட்டினால் என்ன என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல.

நமது நாட்டில் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமாகும். நம் கார் மோதி ஒருவர் காயமுற்றால் அவருக்குரிய இழப்பீட்டுக்காக ஏற்பட்டது அது. நம் காரின் சேதத்துக்கும் பணம் வேண்டுமென்றால் முழுமைக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். நம் அனுமதியோடு, செல்லத்தக்க லைசென்சு வைத்திருப்பவர் ஓட்டினால், பெயர் இல்லாவிட்டாலும் பாதுகாப்பு அற்றுப்போவதில்லை. ஆனால் காரின் சேதத்துக்குக் கோரும்போது வழக்கமாக முதல் 400 வெள்ளியை நாமே ஏற்க வேண்டும். பழுதுபார்க்க 3,000 வெள்ளி ஆனால் 2,600தான் கிடைக்கும். பெயரைச் சேர்த்துவிட்டால் இந்தப் பிடித்தம் இல்லை. ஆயினும் ஒன்று: 21 வயதுக்குக் குறைந்தவர், அல்லது ‘பி’ லைசென்சு வைத்திருப்பவர் என்றால், பெயர் இருந்தாலும் 400 வெள்ளி உண்டு. பள்ளிப் படிப்பு முடித்த அக்காள் மகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உண்மையில் 400 வெள்ளி பெரிதல்ல. கோரிக்கையின்றி ஓட்டியதற்காகக் கிடைக்கும் கழிவுதான் பெரிது. தனியார் காருக்கு அது 25 விழுக்காட்டில் தொடங்கி, 30, 38.33, 45 என ஏறி, ஐந்தாம் ஆண்டில் 55 விழுக்காட்டை அடைகிறது. கழிவுக்கு முன் கட்டணம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு பெறுபவர் 450 வெள்ளி கட்டுகிறார். தவறு நம் பக்கமாக ஒரு கோரிக்கை வந்தால், அடுத்த ஆண்டு 1,000, பிறகு 750, 700, 616.70, 550 என்று கட்டித்தான் பழைய இடத்துக்கு வர முடியும். கூட்டிப் பார்த்தால் கூடுதலாகப் போவது 1,366 வெள்ளி 70 காசு. ஓட்டியவர் யாராயினும் கழிவை இழப்பவர் காப்புறுதிக்காரரே. பெயர் சேர்ப்பதால் இது மாறாது. சிறு கீறலுக்கெல்லாம் கோரிக்கை போடுவது நமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை.

இன்னொன்று பலர் நினைத்தும் பார்ப்பதில்லை. அந்த அம்மாள் போகிற வழியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவரையும் ஏற்றிக்கொண்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார் என்று கொள்வோம். உதவிதானே என்று நாம் நினைப்போம். தனியார் காருக்கான பத்திரமோ, கூலிக்கு ஆள் ஏற்றுவதைப் பாதுகாப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அங்கே 400 வெள்ளியோடு பேச்சு முடியாது; கார் சேதத்துக்கான கோரிக்கையையே நிறுவனம் மறுக்கலாம். சாவியைக் கொடுக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. சிறு பிள்ளைகளுக்குரிய பாதுகாப்பு இருக்கை 1.1.2020 முதல் தனியார் கார்களில் கட்டாயம் என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.

ஓட்டுகிற அம்மாளுக்கே அடிபட்டால்? மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஓட்டுநரின் சொந்தக் காயத்துக்கு ஆனதன்று. நம்மிடம் சம்பளம் வாங்குபவர் வேலையின்போது காயமுறுவதைக் காரின் பத்திரம் வழக்கமாக ஏற்பதுமில்லை. அவருக்குத் துணை சொக்சோதான். 1.6.2021 முதல் வீட்டுப் பணியாளர்களையும் அதில் பதிவு செய்வது முதலாளியின் கடமை. வீட்டில் ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் நாம் முதலாளிதான்.

பெயர் சேர்ப்பது கடினமன்று. அடுத்த புதுப்பிப்பு வரை காத்திராமல், அவருடைய அடையாள அட்டை எண்ணை ஏஜெண்டிடமோ நிறுவனத்திடமோ கொடுத்து எழுத்து மூலம் கேட்கலாம். 1.7.2017 முதல் முழுமைக் காப்புறுதியின் கட்டணத்தை நிறுவனங்களே வகுத்துக்கொள்வதால், எத்தனை பெயர் இலவசம், கூடுதல் பெயருக்கு எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று சேர்த்துக் கொடுப்பதும் உண்டா என்று கேளுங்கள்; ஆயாம்மா அடிக்கடி மாறும் வீட்டுக்கு அதுவே தோது. வாய்ச்சொல் போதாது, சேர்ப்புத் தாள் கைக்கு வர வேண்டும். அதோடு அவருடைய லைசென்சு முடியும் தேதியையும் பார்த்துச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள்.