மகள் வயிற்றுப் பேரன்

இன்று ஒரு குதிரைக் கதை பேசுவோம்.

குதிரையின் பெயர் செக்ரடேரியட். 1970-இல் அமெரிக்காவில் பிறந்தது. அதை வளர்த்தவர் பென்னி செனரி என்ற பெண். அப்பா நோயில் விழுந்ததால் பண்ணைப் பொறுப்பை ஏற்றவர்.

1973-இல் பெல்மான்ட் பந்தயம். தூரம் ஒன்றரை மைல். 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி முடித்தது! அடுத்து வந்த குதிரை 31 குதிரை நீளம் பின்தங்கியது. அந்த வேகத்தை அங்கே இன்றுவரை எந்தக் குதிரையும் முந்தவில்லை.

அந்த ஆண்டோடு பந்தயம் நின்றது. நம் ஊர்ப் பொலிகாளை போல, அதைப் பொலிகுதிரை ஆக்கினார்கள். நிறையக் குட்டிகள் பிறந்தன. சில ஜெயித்தன. ஆனால் அப்பனுக்கு ஈடு இல்லை. ஏமாற்றம் என்றே பலர் பேசினார்கள்.

1989-இல் குளம்பு நோய் கண்டு செக்ரடேரியட் போனது. அப்போது அதன் மகள் ஈன்ற குட்டிக்கு 6 மாதம். பெயர் ஏ.பி. இண்டி. 1992-இல் தாத்தா ஜெயித்த அதே பெல்மான்ட் பந்தயத்தில் ஓடி ஜெயித்தது.