கழக நாளும் கடைசி பஸ்ஸும்



இடைநிலைப்பள்ளியில் புறப்பாடம் என்றால் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. விளையாட்டு, கழகம், சீருடை இயக்கம் மூன்றிலும் பிள்ளைகள் சேரவேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கையில், தகுதிப் புள்ளி 100-இல் 10 இதற்கு உண்டு.

கழகத்தில் அவர்கள் கூட்டம் நடத்தவும், குறிப்பெழுதவும், சந்தாக் கணக்கு வைக்கவும் பழகுகிறார்கள். நாளை நமது கிளைக்குச் செயலாளரும் பொருளாளரும் அங்கிருந்தே வரவேண்டும்.

தோட்டத்துப் பிள்ளையோ, மதிய பஸ்ஸை விட்டால் வீடு திரும்ப வழியின்றிக் கழகத்தை விட்டு ஓடிவருகிறது. குறை பிள்ளையிடம் இல்லை, வண்டியில்தான் இருக்கிறது.

ஆகவே, கழக நாளன்று மாலை வேன் ஒன்றைப் பங்கு போட்டு அமர்த்துவோம். கிராணிமார் பெயர்ப் பட்டியல் எழுதட்டும். பால்வெட்டும் பெற்றோர் ஒன்றுகூடட்டும். கிளை முன்னின்று நடத்தட்டும்.

கூலிக்கு ஒன்றுபட்ட நாம், பிள்ளைகளுக்காகவும் ஒன்றுபடுவோம்.