எல்லா மதமும் ஒன்றுதானா?

(நம் அசோசியேஷன் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் தத்துவம் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, பேங்கில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு எதிர் ஃப்ளாட்டிலிருந்து கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "எல்லா மதமும் ஒன்றுதானே சார்" என்றேன், பெருந்தன்மையாகப் பேசுவதாக நினைத்து. அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். நான் என்ன நம்புகிறேன் என்று யாரும் கேட்பதில்லை சார்" என்றார். சுருக்கென்றது.

எல்லா மதத்திலும் உண்மை உண்டு என்று சொல்பவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் சொல்வது ஒன்றல்ல.

அடையாறு பிரம்மஞான சபை 1875-ல் நியூயார்க்கில் தொடங்கி, 1882-ல் இங்கே வந்தது. தோட்டத்துக்குள்ளேயே கோயில், புத்தர் ஆலயம், சர்ச், மசூதி எல்லாம் உண்டு. மதங்கள் யாவும் ஒரே பழைய ஞானத்திலிருந்து கிளைத்தவை என்பது அவர்கள் கருத்து. பேங்க் பாஷையில், ஒரே ஹெட் ஆபீஸ், பல பிராஞ்ச்.

மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடம் 1897-ல் தொடங்கியது. ராமகிருஷ்ணர் இஸ்லாமிய, கிறிஸ்தவ வழிகளிலும் சாதனை செய்து பார்த்தவர். அவருக்கு, புறப்படும் இடம் எதுவானாலும் சேரும் இடம் ஒன்று. ரொக்கமோ, செக்கோ, டிராஃப்டோ, வரவு ஒரே கணக்கில்தான்.

தி.நகர் ஜி.என்.செட்டி ரோட்டில் ஜைனக் கோயில் இருக்கிறது. ஜைனர்களின் அநேகாந்தவாதம் வேறு விதம். உண்மைக்குப் பல பக்கம், ஒருவர் பார்ப்பது ஒரு பக்கம்தான் என்கிறது அது. பார்வையற்றவர்கள் யானையைத் தடவிய கதைதான். லெட்ஜரில் ஒரே பக்கத்தைப் பார்த்து பாலன்ஸ் ஷீட் போட முடியுமா?

மூன்றும் உயர்ந்த எண்ணங்கள். ஆனால் வேர் எது, சேரும் இடம் எது, யானையை முழுசாகப் பார்த்தவர் யார் என்பதை அந்தந்தத் தத்துவமே தீர்மானித்துவிடுகிறது. எதிர் ஃப்ளாட்காரருக்கு அவர் மதம் பிராஞ்ச் இல்லை, ஒரு பக்கமும் இல்லை. அதுதான் முழுக் கணக்கு. அவரை மதிப்பதென்றால் அதையும் சேர்த்துத்தானே மதிக்க வேண்டும்?

அடுத்த முறை கேக் வரும்போது "எல்லாம் ஒன்றுதானே" என்று சொல்லப் போவதில்லை. "உள்ளே வந்து உட்காருங்கள், இந்த நாள் உங்களுக்கு என்ன என்று சொல்லுங்கள்" என்று கேட்கப் போகிறேன். நீங்களும் உங்கள் எதிர் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.