அடைக்கலம் வந்த உயிர்

(விழா மேடையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சீவக சிந்தாமணியைச் செவிவழியாகவேனும் அறியாத தமிழ்ச் சமண இல்லம் இருத்தல் அரிது. திருத்தக்கதேவர் அருளிய அக்காப்பியத்தில் குணமாலையார் இலம்பகத்தில் ஒரு நாய் வருகின்றது. அந்தணர் தமக்கென வைத்திருந்த சோற்றில் அது வாய் வைத்துவிட்டது. அவர்கள் அதனை அடித்து வீழ்த்தினர். அவ்வழி வந்த சீவகன் அவர்களைத் தடுத்து, நாயைப் பிழைப்பிக்க முயன்றான். அதன் உயிர் நில்லாது என்று கண்டபின் அருகில் அமர்ந்து அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். நாய் இறந்து சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. பின்னொரு நாளில் கட்டியங்காரன் சீவகனைக் கொல்லப் பணித்தபோது அவனை மீட்டுச் சென்றவன் அச்சுதஞ்சணனே. எரியும் கட்டைக்குள் சிக்கிய பாம்புகளுக்குப் பார்சுவநாதர் அருளியதும், அவை தரணேந்திரனும் பத்மாவதியுமாகப் பிறந்ததும் இதனையொத்த வரலாறே.

இக்கதையைக் கூறுவோர் பெரும்பாலும் மந்திரத்தின் பெருமையோடு நிறுத்திவிடுவர். கருதத்தக்க வேறொன்றும் அதில் உண்டு. சீவகன் அந்த நாயை வளர்க்கவில்லை. அது அவனுக்கு உடைமையும் அன்று. துன்புற்ற பொழுதில் எதிர்ப்பட்ட ஓர் உயிருக்கு அந்நேரத்துக்கு வேண்டியதைச் செய்தான். பின்னர்த் தன் வழியே சென்றான். காத்தல் வேறு, உடைமையாக்கிக் கொள்ளுதல் வேறு. தெருவில் அடிபட்ட நாயை மீட்டு, அதற்கு நிலையான வீடு கிடைக்கும்வரை சில வாரமோ சில மாதமோ தம் இல்லத்தில் வைத்துத் தேற்றும் இன்றைய வழக்கம் இவ்வேறுபாட்டின் மீதே நிற்கின்றது.

ஆயினும் இதனைச் சொன்ன அளவில் பல இல்லங்களில் முகம் சுளிப்பதும் உண்மை. நாய் வந்தால் பூசையறையின் தூய்மை என்னாவது, ஊன் உண்ணும் விலங்கிற்கு நம் அடுக்களையில் என்ன சமைப்பது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவற்றை அறியாமை என்று தள்ளுதல் தகாது. பூனை, நாய் முதலிய ஊனுண்ணும் விலங்குகளை வளர்ப்பதை அனர்த்ததண்டத்தின்பாற்பட்ட குற்றமாகச் சில சிராவகாசார நூல்கள் கூறியுள்ளன. வேட்டைக்கும் விற்பனைக்கும் விளையாட்டுக்கும் அவற்றைப் பேணுதல் பிற உயிர்களின் கொலைக்குத் துணையாகும் என்பதே அவ்விலக்கின் கருத்து. குருதி ஒழுகக் கிடக்கும் விலங்கைக் கண்டும் காணாமற் செல்க என்று எந்நூலும் கூறவில்லை.

இனி, ஒரு நிகழ்ச்சியைக் கற்பனையாகக் கொள்ளலாம். தஞ்சைக் கரந்தை ஆதிநாதர் ஆலயத்தில் வழிபாடு முடித்து ஒரு குடும்பம் அரியலூர்ச் சாலையில் வடக்கே திரும்புகின்றது. கொள்ளிடப் பாலத்தைக் கடந்தால் திருமானூர். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓயாது செல்லும் மாவட்டம் அது. சாலையோரத்தில் ஒரு பெண் நாய் பின்னங்காலை இழுத்தபடி கிடக்கின்றது. வண்டியை நிறுத்தச் சொல்பவர் பாட்டி, தயங்குபவர் மகன், தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு முதலில் இறங்குபவன் பேரன். அப்பகுதியில் ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுப்பிய கோயிலுக்கு அடைக்கல மாதா கோயில் என்று பெயர். அடைக்கலம் என்னும் சொல் சமயம் கடந்து அம்மண்ணில் வழங்குவது.

ஒரு குடும்பத்தால் என்ன ஆகும் என்று மகன் கேட்கக்கூடும். அதற்குச் சென்னையில் விடையுண்டு. 1959-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் விமானியான கேப்டன் வி. சுந்தரம் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தம் வீட்டிற்கு எடுத்துச் சென்றார். அவர் மனைவி உஷாவும் விமானம் ஓட்டியவர். அந்த வீட்டில் தொடங்கிய பணியே புளூ கிராஸ் ஆஃப் இந்தியா என்னும் அமைப்பாயிற்று. அக்காலத்தில் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. கொல்வதால் பயனில்லை, கருத்தடை செய்து தடுப்பூசி இட்டு விடுதலே வழி என்று 1964 முதல் அவ்வமைப்பு வற்புறுத்தியது. மாநகராட்சி அதனை ஏற்றது 1996-இல். முப்பத்திரண்டு ஆண்டு! இன்று 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் நாடு முழுமைக்கும் அவ்வழியையே கூறுகின்றன.

திருமானூர் நாய்க்குத் திரும்புவோம். வலியில் கிடக்கும் நாய் தூக்குபவரையே கடிக்கும். அது பகையன்று, அச்சம். ஆகவே தடித்த துணியைப் போர்த்தியே தூக்குதல் வேண்டும். வீட்டிற்குச் செல்லுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடியோ கீறலோ பட்டுவிட்டால் அவ்விடத்தைச் சோப்பு இட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தடுப்பூசி போட்டுக்கொள்ளல் வேண்டும். வெறிநோய் வெளிப்பட்டபின் அதற்கு மருந்தில்லை. வெளிப்படுமுன் தடுப்பூசி உண்டு. இதில் மஞ்சள் பற்றும் மந்திரிப்பும் கூடவே கூடா.

வீட்டிற்கு வந்த நாய் வாலாட்டி நன்றி காட்டும் என்று எதிர்பார்த்தவர் ஏமாறுவர். அது கட்டிலுக்கடியில் புகுந்து சுவரோடு ஒட்டிக் கிடக்கும். உணவைத் தொடாது. இரவில் ஊளையிடும். ஏணை கட்டிய குழந்தைபோல் பேணியும் இப்படி இருக்கிறதே என்று வருந்துவதில் பொருளில்லை. தெருவில் கை ஓங்கியவர்களையே கண்ட விலங்கிற்கு நீட்டிய கையும் ஓங்கிய கையும் ஒன்றே. நாய் மீட்போர் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வர். முதல் மூன்று நாளில் அச்சம் சற்றே தணியும். மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும். மூன்று மாதத்தில் இது தன் இடம் என்னும் எண்ணம் உண்டாகும். இது தோராயக் கணக்கு. ஒரு திங்களில் தேறுவதும் உண்டு, ஓராண்டு ஆவதும் உண்டு.

அந்நாள்களில் வீட்டார் செய்யத்தக்கது மிகச் சிறிது. ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலை, பழைய துணி, தண்ணீர். கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தலாகாது. கண்ணோடு கண் நோக்குதல் நாய்க்கு மிரட்டல். பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்ந்து, நூல் ஏதேனும் படித்துக்கொண்டிருந்தால் போதும். பேரன் மாலைதோறும் அரை மணி நேரம் பாடம் படிப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ ஈரமான மூக்கு ஒன்று அவன் முழங்கையைத் தொடும். அப்பொழுதும் உடனே தலையைத் தடவாமல், அது தானே மார்போடு ஒட்டும்வரை காத்திருத்தல் வேண்டும். உறவினரை அழைத்துக் காட்டுவதற்கும் இது வேளையன்று.

இங்கேதான் சாவக நெறி நேரே உதவுகின்றது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி அகிம்சை அணுவிரதத்துக்கு நேரும் ஐந்து மாசுகளைக் கூறுகின்றார்: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கொலை செய்யாதவன் என்று தன்னைக் கருதிக்கொள்பவனும் இவ்வைந்தில் வழுக்குவான் என்பதனாலேயே இவை தனியே எண்ணப்பெற்றன. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படிப்பவர் வியப்புறுவர். அடித்தல், மிகுபாரம் ஏற்றுதல், குறுகிய சங்கிலியில் நெடுநேரம் பிணைத்தல், உணவும் நீரும் உறைவிடமும் தராதிருத்தல், உறுப்பைச் சிதைத்தல் ஆகிய அனைத்தும் அங்கும் குற்றங்களே. அச்சட்டத்திற்குத் தூண்டுகோலாய் நின்று, 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராய் விளங்கியவர் ருக்மிணி தேவி அருண்டேல்.

ஐந்தனுள் முதலாவதே இல்லங்களில் மிகுதி. புகலிடம் என்று அழைத்து வந்து, மாடிப்படியின் கீழ் இரண்டடிச் சங்கிலியில் பகலெல்லாம் கட்டிவைத்தல் பந்தம் என்னும் மாசே. வெளியே செல்லும்போது வாரில் பிடித்து நடத்துவது அதன் காப்பிற்காக ஆதலின் வேறு. கருத்தடை அறுவை உறுப்பறுத்தலாகாதா என்று சிலர் வினவுவர். அழகுக்காக வாலையும் காதையும் வெட்டுவது ஐயமின்றி மாசு. மயக்கமருந்து தந்து, தெருவில் பிறந்து சக்கரத்தில் மாயும் குட்டிகளின் துன்பத்தைக் குறைக்கச் செய்வதை அதனோடு ஒன்றாக வைத்தல் பொருந்தாது. வினையை அளப்பது பாவம் என்னும் உள்ளக்கிடக்கையே. கருத்தடை செய்த தெருநாயின் காதில் அடையாளமாகச் சிறு வெட்டு இருக்கும். அதனைப் புண்ணென்று மருந்திட்டு உழல வேண்டா.

உணவுக்கு வருவோம். நாய் பூனையைப் போன்றதன்று. பூனைக்கு ஊனிலுள்ள டாரின் முதலிய சத்துகள் இன்றியமையாதவை. நாயோ மனிதரோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்து தானியம் செரிக்கும் ஆற்றல் பெற்றது. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் படிகள் ஓநாயினும் நாய்க்கு மிகுதி என 2013-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே ஊனின்றி நாயைப் பேணுதல் இயலும். ஆனால் தயிர்ச்சோறு மட்டும் போட்டு, நம் விரதம் காத்தோம் என்று மகிழ்ந்திருப்பது தவறு. நோயுற்ற நாய்க்கும் குட்டிக்கும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் எலும்பு சேராது. அதுவும் உணவு மறுத்தல் என்னும் மாசிலேயே சேரும். பருப்பு, பனீர், சோயா, பூசணி இவற்றோடு சத்து மருந்தோ, முழுச் சத்துடைய சைவ நாயுணவோ மருத்துவரைக் கேட்டே அமைத்தல் வேண்டும். அவர் ஊனுணவே வேண்டுமென்று உறுதியாகச் சொல்லும் நிலையில் உள்ள நாயை, அதனைத் தரக்கூடிய வேறொரு வீட்டிற்கு அனுப்புவதே நேர்மை.

வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியைக் கெடுப்பவை. அவற்றை விலக்கிய அடுக்களையில் அந்த அளவில் நாய்க்கு அச்சமில்லை! திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியனவும் நஞ்சு. பூசைப் பிரசாதத்திலுள்ள உலர்திராட்சையைக் குழந்தைகள் அன்போடு ஊட்டிவிடாதபடி பார்த்தல் வேண்டும். வளர்ந்த நாய்க்கு இரு வேளை போதுமாதலின் சூரியன் மறையுமுன் உண்ணும் இல்லத்து ஒழுங்கிற்கு அதுவும் எளிதில் பழகும். தண்ணீர்க் கிண்ணத்தை நாள்தோறும் கழுவி வடிகட்டிய நீர் வைத்தால் கொசுப்புழுவும் உண்டாகாது.

உண்ணி பற்றிய இடர்ப்பாடு இத்தனை எளிதன்று. தெருநாயின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணிகள் மொய்த்திருக்கும். அவையும் உயிர்கள். அவை பரப்பும் காய்ச்சலால் நாயின் குருதி குன்றி உயிர் போவதும் உண்டு. பாட்டி ஒவ்வொன்றாகச் சீப்பினால் வாரி எடுத்து, தொலைவில் விட்டுவரச் சொல்வார். மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார். படுக்கைத் துணியை நாள்தோறும் மாற்றி வெயிலிலிட்டு, தரையைத் துடைத்து, அவை பெருகாமலே தடுத்தல் முதற்கடன். ஏற்கெனவே காய்ச்சல் கண்ட நாய்க்கு மருந்தை மறுத்தல் கூடாது என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. மனம் உறுத்தத்தான் செய்யும். அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அதனையும் சொல்லிக்கொள்ளலாம்.

தீபாவளி நமக்கு வர்த்தமானர் வீடுபேறு அடைந்த நாள். விளக்கேற்றி வழிபடும் அந்நாளில் வெடிச்சத்தம் நாய்க்குப் பேரச்சம். புதிதாய் வந்த நாய் அன்று அறுத்துக்கொண்டு ஓடினால் மீண்டும் அந்த லாரிச் சாலைக்கே செல்லும். கதவு சாத்திய உள்ளறையில் மின்விசிறி ஓடவிட்டு, ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

கால் தேறி, உடல் நிமிர்ந்து, பேரனின் காலடியோசை கேட்டு வாயிலுக்கு ஓடிவரும் காலம் வரும். அப்பொழுதுதான் அதனை அனுப்ப வேண்டிய நாளும் வரும். தற்காலப் புகலிடத்தின் கடினமான பகுதி இதுவே. அடுத்து ஒரு நாய் சாலையோரத்தில் கிடக்கும். அந்த மூலை அதற்கு ஒழிந்திருக்க வேண்டும். சிறுவன் அழுவான். அபரிகிரகம் என்னும் சொல்லைப் பாடசாலையில் மனப்பாடம் செய்தபோது அதன் எடை அவனுக்குத் தெரிந்திராது. அவனை ஏமாற்றி, அவன் பள்ளி சென்றிருக்கும்போது அனுப்பிவிடுதல் தீது. முதல் நாளிலேயே இது நம்மோடு சில காலமே இருக்கும் என்று சொல்லி வைத்து, புதிய வீட்டைப் பார்த்துவர அவனையும் அழைத்துச் செல்லலாம்.

கேட்டவர்க்கெல்லாம் நாயைக் கொடுத்தலும் ஆகாது. வாயிற்கதவு உண்டா, பகலில் வீட்டில் யார் இருப்பர், காவலுக்கெனக் கட்டிப்போட எண்ணமா என்று நேரில் சென்று காண வேண்டும். தடுப்பூசி அட்டையோடு, எந்நேரம் உண்ணும், எதற்கு அஞ்சும், எந்தச் சொல்லுக்கு வரும் என்பதை ஒரு தாளில் எழுதித் தருதல் நலம். அது படுத்திருந்த பழைய துணியைத் துவைக்காமல் உடன் அனுப்புதல் வேண்டும். அந்த மணம் அதற்குத் துணை. முதல் மூன்று நாள் கட்டிலுக்கடியிலேயே கிடக்கும், இழுக்க வேண்டா என்பதையும் அவ்வீட்டாரிடம் பேரனே சொல்லிவிட்டு வரலாம்.